பெயர் வைக்கும் முன் வானத்தைப் பார்க்கட்டும்

காரைக்கால் பிள்ளைகளுக்குச் சனி என்ற பெயரைப் பாடப்புத்தகம் சொல்லித்தர வேண்டியதில்லை. திருநள்ளாறு ஐந்து கிலோமீட்டரில் இருக்கிறது. சனிப்பெயர்ச்சி வந்தால் பேருந்தில் நிற்க இடம் கிடைக்காது. நளன் குளத்தைச் சுற்றித் தலைகளாகவே தெரியும். ஆனால் ஒரு மாலையில் அந்தச் சனியை வானத்தில் காட்டு என்றால் எத்தனை பிள்ளைகள் விரல் நீட்டுவார்கள்? விண்பொருள்களுக்கு மாணவர்களைக் கொண்டு பெயர் சூட்டும் முயற்சிகளை எடைபோட இதைவிடப் பொருத்தமான ஊர் இல்லை.

சர்வதேச வானியல் ஒன்றியம் தன் நூற்றாண்டையொட்டி 2019-இல் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குத் தலைக்கு ஒரு விண்மீனையும் அதைச் சுற்றும் கோளையும் ஒதுக்கி, பெயரை மக்களே சொல்லட்டும் என்றது. இந்தியாவுக்கு வந்தது எச்.டி. 86081. சிம்ம ராசிக்குத் தெற்கே, சுமார் 340 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது, வெறுங்கண்ணுக்குத் தெரியாது. இந்திய வானியல் சங்கம் மாணவர்களிடம் பெயர் கேட்டு, தேர்ந்தெடுத்தவற்றைப் பொது வாக்குக்கு விட்டது. விண்மீன் ‘பிபா’ ஆயிற்று, கோள் ‘சந்தமச’ ஆயிற்று. கோளின் பெயரை முன்மொழிந்தவர் புனேயில் படித்த 13 வயதுப் பள்ளி மாணவர்.

இதன் சிறப்பை முதலில் சொல்லிவிட வேண்டும். விண்மீனின் பெயருக்கு உரியவரான இயற்பியலாளர் பிபா சௌத்ரி, டி.எம். போஸுடன் சேர்ந்து டார்ஜிலிங் மலைகளில் ஒளிப்படத் தகடுகளை வைத்து அண்டக்கதிர்த் துகள்களின் தடங்களைத் தேடியவர். போர்க்காலத்தில் நல்ல தகடு கிடைக்காமல் அந்த ஆய்வு நின்றது. அதே வழியில் மேம்பட்ட தகடுகளோடு சென்ற செசில் பவலுக்கு 1950-இல் நோபல் பரிசு வந்தது. பிபா 1991-இல் இறந்தபோது நாடு அவரை ஏறத்தாழ மறந்திருந்தது. ஒரு மாணவர் எழுதி அனுப்பிய பெயர் அவரை மீட்டுக்கொண்டுவந்தது. பெயருக்குக் காரணம் எழுதச் சொல்லும் போட்டி, ஒரு பிள்ளையை வரலாற்றில் தேட வைக்கிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே இந்த வழக்கத்தை நான் ஒதுக்கிவிட மாட்டேன்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. சந்தமச தன் விண்மீனை இரண்டு நாளுக்குச் சற்று அதிகமான நேரத்தில் சுற்றிவிடுகிறது. யாரும் பார்த்திராத கோளைப் பற்றி இது எப்படித் தெரிந்தது? கோளின் இழுப்பில் விண்மீன் லேசாக முன்னும் பின்னும் அசைகிறது. அந்த அசைவு அதன் ஒளியின் நிறமாலையில் பதிகிறது. அந்தப் பதிவு எத்தனை நாளுக்கொரு முறை திரும்ப வருகிறது என்று எண்ணுகிறார்கள். வானியல் என்பது இந்தக் கேள்வியும் இந்தப் பதிலும்தான். போட்டியில் வெல்ல இது தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அகராதி போதும், நல்ல மொழிநடை போதும், வாக்குப் போடச் சொந்தக்காரர்கள் போதும். இணையவழி விண்ணப்பம், ஆங்கிலத்தில் விளக்கம் என்றாலே நகரத்துப் பள்ளி நான்கு படி முன்னே நிற்கும். கிளிஞ்சல்மேட்டு மீனவர் வீட்டுப் பிள்ளை, இருட்டில் கடலுக்குப் போகும் அப்பாவிடம் கேட்டு வெள்ளிகளின் உதயமும் திசையும் தெரிந்து வைத்திருக்கலாம். அந்த அறிவுக்கு விண்ணப்பத்தில் கட்டம் கிடையாது.

புளூட்டோவின் கதையை எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். 1930-இல் ஆக்ஸ்ஃபோர்டில் 11 வயது வெனிஷியா பர்னி காலைச் சாப்பாட்டு மேசையில் அந்தப் பெயரைச் சொன்னாள். தாத்தா அதை ஒரு வானியல் பேராசிரியரிடம் சேர்த்தார். பலர் சொல்லாமல் விடும் பகுதி ஒன்று உண்டு. பள்ளியில் அவளும் தோழிகளும் களிமண் உருண்டைகளைக் கோள்களாக வைத்து, சூரியனிலிருந்து உரிய விகிதத் தூரங்களில் பூங்காவில் நடந்து பார்த்திருக்கிறார்கள். கோள்களுக்கு இடையிலான வெறுமையைக் காலால் அளந்தவளுக்குத்தான், எல்லாவற்றுக்கும் அப்பால் இருட்டில் கிடக்கும் ஒன்றுக்குப் பாதாள உலகத் தெய்வத்தின் பெயர் தோன்றியது.

முதலில் பார்த்தல், பிறகு பெயர் என்ற இந்த வரிசையை ஓரளவு காப்பாற்றுவது சிறுகோள் தேடல் இயக்கம். ஹவாய்த் தீவுக்கூட்டத்தின் பான்-ஸ்டார்ஸ் தொலைநோக்கி எடுத்த படங்களை மாணவர்கள் கணினியில் அடுத்தடுத்து ஓடவிட்டு, நகரும் புள்ளியைத் தேடுகிறார்கள். இந்திய மாணவர்களும் நிறையப் பேர் பங்கெடுக்கிறார்கள். கண்டது உறுதியாகி, சுற்றுப்பாதை துல்லியமாகி, நிரந்தர எண் கிடைக்கப் பல ஆண்டுகள் ஆகும். அதன்பிறகே பெயர் முன்மொழியும் உரிமை. இங்கே பெயர் என்பது உழைப்பின் கூலி. ஆனால் நம் பள்ளிகளில் முதற்கட்டக் கண்டறிதல் சான்றிதழ் வந்த அன்றே ‘கோளைக் கண்டுபிடித்த மாணவி’ என்று பதாகை கட்டிவிடுகிறார்கள். பல ஆண்டுக் காத்திருப்பைப் பற்றிப் பிள்ளையிடம் யாரும் பேசுவதில்லை. பணம் வாங்கிக்கொண்டு விண்மீனுக்கு உங்கள் பெயர் வைக்கிறோம் என்பவர்களைப் பற்றி ஒரே வரி: அந்தப் பெயர்களை எந்த வானியலாளரும் ஏற்பதில்லை, பள்ளிகள் அந்தப் பக்கமே போகக்கூடாது.

காரைக்காலில் என்ன செய்யலாம்? பரணி, ரேவதி, ஆயில்யம் ஆகிய நட்சத்திரங்களின் பெயர்கள் வானியல் ஒன்றியத்தின் அதிகாரப்பூர்வப் பட்டியலில் ஏறிவிட்டன. பரணியும் ரேவதியும் பல வகுப்புகளின் வருகைப் பதிவேட்டில் இருக்கும் பெயர்கள். அந்தப் பிள்ளைகளுக்குத் தம் பெயருள்ள விண்மீனைக் காட்டுவதே முதல் பாடமாகட்டும். ரேவதி மங்கலானது, ஊர் வெளிச்சத்தைவிட்டுக் கடற்கரை ஓரமாகப் போனால்தான் பிடிபடும்.

அடுத்து, தூரம். காரைக்கால் அம்மையார் கோயிலருகே சூரியனை வைத்து, சனியைத் திருநள்ளாற்றில் வையுங்கள். இந்த அளவுகோலில் சூரியன் 5 மீட்டர் அகலம். பூமி அரை கிலோமீட்டரில் ஓர் எலுமிச்சம்பழ அளவு. சனி 40 செ.மீ. குறுக்களவுள்ள உருண்டை. நெப்டியூன் 16 கிலோமீட்டர் தள்ளி, தமிழ்நாட்டு எல்லைக்குள் போய்விடும். ஒரு சனிக்கிழமை காலையில் மாணவர்கள் சனிவரை நடந்துவிடலாம்.

மூன்றாவது, இந்த ஊருக்கே உரிய கேள்வி. திருநள்ளாற்றில் வாக்கியப் பஞ்சாங்கப்படி 2023 டிசம்பர் 20 அன்று பெயர்ச்சி நடந்தது. திருக்கணிதத்தில் அது அதே ஆண்டு ஜனவரி 17. பதினோரு மாத இடைவெளி எப்படி வந்தது? ஒன்று மரபுச் சூத்திரங்களின் கணக்கு, மற்றது திருத்தப்பட்ட கணக்கு. இதை வகுப்பில் பேசினால் வழிபாட்டுக்கு ஒரு குறையும் வராது. வாரம் ஒருமுறை அருகிலுள்ள விண்மீன்களுக்கு நடுவே சனி நிற்கும் இடத்தை நோட்டில் குறித்து வந்தால், கோள் நகர்வதைப் பிள்ளைகள் தங்கள் கையெழுத்திலேயே காண்பார்கள்.

காரைக்கால் தலைமையாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பெயர்சூட்டும் போட்டிக்கு அறிவிப்பு வந்தால் பிள்ளைகளைத் தடுக்க வேண்டாம், தாராளமாக அனுப்புங்கள். ஆனால் விண்ணப்பத்தில் கையெழுத்திடும் முன், அந்தப் பிள்ளை ஒரு மாதம் வானத்தைப் பார்த்து எழுதிய குறிப்பேட்டைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.