பிஸேயின் இலங்கை, கேமராவின் கடல்

2016 ஜனவரி 16. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஆப்பெரா அரங்கில் ஜார்ஜ் பிஸேயின் 'முத்துக் குளிப்போர்' தொடங்குகிறது. முகப்பிசை எழும்போதே மேடையை மறைத்த மெல்லிய திரை முழுக்க நீல நீர் நிறைகிறது. அதன் பின்னே கம்பிகளில் தொங்கும் வித்தைக் கலைஞர்கள், தலை கீழாகவும் கால் மேலாகவும் நீந்தி ஆழத்துக்கு இறங்குகிறார்கள். அன்று நேரடியாகப் பல நாட்டுத் திரையரங்குகளுக்குப் போன அந்தக் காட்சி, பின்னர் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியான பிபிஎஸ்ஸின் 'கிரேட் பெர்ஃபார்மன்சஸ்' தொடர் வழியாக வீட்டுக் கூடங்களுக்கும் வந்தது. மெட்ரோபாலிட்டன் நிறுவனத்தில் இந்த ஆப்பெரா மேடையேறி ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு ஆகியிருந்தது. 1916இல் புகழ்பெற்ற பாடகர் கருசோ பாடிய சில நிகழ்ச்சிகளோடு நின்றுபோன படைப்பை, 2015இன் கடைசி நாளில் இயக்குநர் பென்னி வுல்காக் திரும்ப மேடைக்குக் கொண்டுவந்தார்.

வுல்காக் திரைப்படத்திலிருந்தும் ஆவணப்படத்திலிருந்தும் வந்தவர். முத்துக் குளிப்பவர்களைப் பற்றிய ஆப்பெராவில் யாரும் கடலுக்குள் இறங்குவதை நாம் பார்ப்பதில்லை என்ற விசித்திரத்தை அவர் முதல் நிமிடத்திலேயே சரிசெய்துவிட்டார். மற்ற குறைகள் அவ்வளவு எளிதில் சரியாகக்கூடியவை அல்ல.

1863இல் பாரிஸின் தியேட்டர் லிரிக் அரங்கு, ரோம் பரிசு வென்ற இளம் இசையமைப்பாளர் ஒருவருக்கு வாய்ப்புத் தரவேண்டியிருந்தது. அரசு மானியத்தின் நிபந்தனை அப்படி. அரங்க நிர்வாகி லியோன் கார்வாலோ தேர்ந்தெடுத்தது 24 வயது பிஸேயை. கோர்மோனும் மிஷேல் கார்ரேயும் எழுதிய கதை முதலில் மெக்சிகோவில் நடப்பதாக இருந்தது. பிறகு அது இலங்கைக்கு மாற்றப்பட்டது. ஒரு கடற்கரையை எடுத்துவிட்டு இன்னொன்றைப் பொருத்த முடிந்தது என்பதிலேயே அந்தக் கரையின் மனிதர்கள் எழுத்தாளர்களுக்கு எவ்வளவு தூரத்தில் இருந்தார்கள் என்பது தெரிகிறது. செப்டம்பர் 30 அன்று அரங்கேறியது. 18 காட்சிகளோடு ஓய்ந்தது. பத்திரிகை விமர்சகர்களில் பெரும்பாலோர் கைவிட்டபோது, இசையமைப்பாளர் பெர்லியோஸ் இசையைப் பாராட்டி எழுதினார்.

கதையில் நாடிரும் சுர்காவும் உயிர் நண்பர்கள். இருவரும் ஒரே பெண்ணின் மீது மனம் வைத்தவர்கள். அவள் லெய்லா. முகத்திரை அணிந்து, கன்னி நோன்பு பூண்டு, பாறைமேல் நின்று பாடிக் குளிப்பவர்களைக் காக்க வந்தவள். அவளுடைய பிரார்த்தனையில் சிவன், வெண்ணிற மேனியும் பொன்னிறக் கூந்தலும் கொண்ட ஓர் அரசியாக அழைக்கப்படுகிறார். தமிழ் வாசகர் இந்த இடத்தில் திகைத்து நிற்பது இயல்பு. பாரிஸ் பார்வையாளர்கள் திகைத்ததாகத் தெரியவில்லை.

உண்மையான மன்னார்க் கரையில் பாறைமேல் நின்று பாடும் கன்னி இல்லை. ஆனால் குளிப்பவர்களைக் காக்கும் ஒருவர் இருந்தார். அவருக்குக் 'கடல்கட்டி' என்று பெயர். மந்திரம் சொல்லிச் சுறாவின் வாயைக் கட்டுவது அவர் தொழில். அவர் இல்லாமல் நீரில் இறங்கக் குளியாட்கள் மறுத்ததால், ஆங்கிலேய அரசே அவரை அமர்த்திக்கொள்ள நேர்ந்தது. சிலாபத்துறை, அரிப்புக் கரைகளில் பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட சில வாரங்களே முத்துக்குளிப்பு நடந்தது. வெறும் மணல்வெளியில் திடீரென ஓர் ஊர் முளைக்கும். வியாபாரிகளும் தூத்துக்குடிப் பரதவர்களும் கீழக்கரை முஸ்லிம்களும் வந்து கூடுவார்கள். கல்லில் காலை ஊன்றி இறங்கியவரின் உயிர், மேலே கயிறு பிடித்தவரின் கையில் இருந்தது. கூலி காசாக அல்ல, சிப்பிகளில் ஒரு பங்காகக் கிடைத்தது. பிரம்மாவை வணங்கும் ஒரே குலமாகப் பிஸேயின் மேடையில் நிற்பவர்கள், உண்மையில் பெரும்பாலும் மாதாவையும் அல்லாவையும் அழைத்துக்கொண்டு கடலில் குதித்தார்கள். இந்தக் கலப்பும் பதற்றமும் ஆப்பெராவுக்கு வாய்த்திருந்தால் எவ்வளவு வலிமையான நாடகம் கிடைத்திருக்கும்!

இந்தப் பொய்யான இலங்கையை என்ன செய்வது என்பதுதான் ஒவ்வொரு புதிய இயக்குநரின் முன்னும் நிற்கும் கேள்வி. 2004இல் சான் டியேகோவில் ஆடை வடிவமைப்பாளர் சாண்ட்ரா ரோட்ஸ் அதைக் கண்ணைப் பறிக்கும் வண்ணங்களால் நிரப்பினார். 2017இல் பெர்லினில் திரைப்பட இயக்குநர் விம் வெண்டர்ஸ் நேரெதிர் வழியில் போனார்: ஏறக்குறைய வெற்று மேடை, இருள், அலைகளின் படம், கூடவே நடத்துநர் பாரன்பாயிமின் இசைக்குழு. நாடிரின் தனிப்பாடலைச் சான் பிரான்சிஸ்கோ மதுக்கடை ஒன்றின் இசைப்பெட்டியில் கேட்டு மயங்கியவர் அவர். ஊரைத் துடைத்துவிட்டுப் பாட்டை மட்டும் வைத்துக்கொண்டதில் வியப்பில்லை. அழகுதான்; ஆனால் பிழைப்புக்காகக் கடலில் இறங்கிய மனிதர்களும் அந்த இருளில் கரைந்துவிடுகிறார்கள்.

2014இல் வியன்னாவின் தியேட்டர் ஆன் டேர் வீன் அரங்கில் இயக்குநர் லோட்டே டி பேர் செய்தது துணிச்சலானது. கதை முழுவதையும் ஒரு தொலைக்காட்சிப் போட்டி நிகழ்ச்சியாக்கினார். இலங்கை என்பது படப்பிடிப்புக்காகக் கட்டிய செட். கோரஸ் பாடகர்கள் வீட்டில் உட்கார்ந்து பார்க்கும் நேயர்கள். நோன்பை மீறிக் காதலித்த லெய்லா, நாடிர் இருவரின் மரண தண்டனை அந்த நேயர்களின் வாக்கில் தொங்குகிறது. மூலத்தில் கூட்டம் இரத்தவெறியோடு கத்தும் இடத்தின் கொடூரம், சோபாவில் சாய்ந்தபடி வாக்களிக்கும் கூட்டத்திடம் பல மடங்காகிறது. இடம் போலியானது என்பதை ஒளிக்காமல், அதையே நாடகத்தின் பொருளாக்கிய ஒரே முயற்சி என்று இதைச் சொல்லத் தோன்றுகிறது. அதில் லெய்லாவாகப் பாடிய டயானா டாம்ராவ்தான் பிறகு நியூயார்க்கிலும் லெய்லா.

வுல்காக் இந்த மூவரிலிருந்தும் விலகி, ஏழ்மையைக் காட்டினார். நீர் விளிம்பில் ஒன்றின்மேல் ஒன்றாக நெருக்கியடித்த குடிசைகள், மரப் பலகை நடைபாதைகள், கோப்புகள் குவிந்த அறையில் உள்ளூர் அரசியல்வாதியைப் போல அமர்ந்திருக்கும் சுர்கா. கடல் கொந்தளிக்கும்போது திரையில் எழும் பேரலை 2004ஆம் ஆண்டின் சுனாமியை நினைவூட்டாமல் போகாது. இலங்கையின் கிழக்குக் கரைக்கும் நாகப்பட்டினத்துக்கும் அது மேடை உத்தி அல்ல. ஆனாலும் இந்த ஊர் எந்த ஊர்? ஆசியாவில் எங்கோ ஓரிடம் என்பதற்கு மேல் மேடை எதையும் சொல்லவில்லை. ஒளிபரப்பில் இந்தக் குறை இன்னும் வெளிச்சத்துக்கு வருகிறது. அரங்கின் பின்வரிசையில் இருப்பவருக்கு எல்லாம் ஒரே வண்ணக் கலவை. கேமராவோ ஆடையின் தையலையும் முகப்பூச்சையும் அருகில் கொண்டுவந்து வைத்து, இவர்கள் யார் என்று கேட்க வைக்கிறது.

அதே கேமரா பாட்டுக்குச் செய்யும் நன்மையும் பெரிது. மேத்யூ பொலென்சானி நாடிரின் தனிப்பாடலை உரத்துப் பாடாமல், உச்ச சுரங்களையும் மென்குரலிலேயே தொட்டார். சுமார் 3,800 இருக்கைகள் கொண்ட அரங்கில் அது துணிவான தேர்வு. அண்மைக்காட்சியில் அவருக்கும் நமக்கும் இடையே தூரமே இல்லை. சுர்காவாக மரியுஷ் க்வியேசென் சேர்ந்து பாடும் புகழ்பெற்ற இருவர் பாடலில் மட்டும் இதற்கு விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. நண்பர்களுக்கு நடுவே கிடக்கும் வெற்றிடமே அந்தப் பாடலின் உயிர். முகம் மாற்றி முகம் காட்டினால் அது தொலைந்துபோகும்.

முடிவிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பிஸே 1875இல், 36 வயதில் இறந்தார். அவருடைய 'கார்மென்' ஆப்பெரா உலகப் புகழ் பெற்றபின் பதிப்பாளர்கள் இந்தப் பழைய ஆப்பெராவைத் தூசி தட்டி, இசையையும் இறுதிக் காட்சியையும் மாற்றினார்கள், சுர்காவைக் கொன்றார்கள். 1970களிலிருந்துதான் அரங்குகள் 1863ஆம் ஆண்டு வடிவத்துக்குத் திரும்பின. அதில் காதலர்களைத் தப்பவிட ஊருக்கே தீ வைத்த சுர்கா உயிரோடு, தனியாக நிற்கிறான். நியூயார்க் மேடையும் இதையே ஏற்றது. ஊர்த் தலைவனான சுர்காவே குடிசைகளைக் கொளுத்தும் இந்த முடிவு, வுல்காக் காட்டிய ஏழை ஊருக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது.

அடுத்து இதை மேடையேற்றப்போகிறவர்கள், பிரெஞ்சு எழுத்தாளர்களின் கற்பனையைத் தாண்டி, மன்னார் முத்துக்குளிப்பைப் பற்றிய காலனியக் குறிப்புகளையும் ஒருமுறை புரட்ட வேண்டும். காலனிய அதிகாரி எமர்சன் டெனன்ட் எழுதிய இலங்கை நூல், பிஸேயின் அரங்கேற்றத்துக்கு நான்காண்டுகள் முன்பே, 1859இல் அச்சாகிவிட்டது. கடல்கட்டி அதில் இருக்கிறார்.