கல்லும் மரமும்

நல்ல நோக்கத்துடன் செய்யப்பட்ட கலை என்று யாராவது சொன்னால் எனக்குச் சற்றுப் பயமாகத்தான் இருக்கும். உலக சமாதானத்துக்காக ஓவியம், மண்ணைக் காப்பதற்காக நாடகம், ஊரார் எல்லாரும் கூடிச் செய்யும் சிற்பம் என்று இன்று எத்தனையோ நடக்கின்றன. சுவரில் புறாவை வரைகிறார்கள். பூமி உருண்டையைச் சுற்றிக் கைகோத்து நிற்கும் குழந்தைகளை வரைகிறார்கள். வரைகிறவர்கள் நல்லவர்கள், வரையச் சொன்னவர்களும் நல்லவர்கள். ஆனால் அந்தச் சுவரைத் தாண்டிப் போகிறவன், பார்த்தும் பாராதவனாகவே போய்விடுகிறான்.

இந்தப் பயம் எனக்குச் சொந்த அனுபவத்தில் வந்தது. பல வருஷங்களுக்கு முன்னால், ஒரு விசேஷ மலருக்காகச் சமாதானத்தைப் பற்றி ஒரு கதை எழுதித் தரவேண்டும் என்று கேட்டார்கள். எழுதினேன். போரில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் ஒருத்தி, தாகத்தோடு வாசலில் வந்து விழுகிற எதிரிச் சிப்பாய்க்குத் தண்ணீர் கொடுக்கிறாள். பாராட்டிப் பல கடிதங்கள் வந்தன. இன்று அந்தக் கதையை நினைவு வைத்திருப்பவர் யாரையும் நான் சந்தித்ததில்லை. அந்தத் தாய்க்கு என்ன பெயர் வைத்தேன் என்பது எனக்கே மறந்துவிட்டது. அவள் தண்ணீர் கொடுத்துவிடுவாள் என்பது முதல் வரியிலேயே எனக்குத் தெரியும், வாசகருக்கும் தெரிந்திருக்கும். கொடுக்காமல் கதவைச் சாத்திவிடுவாளோ என்ற ஐயம் கதையில் ஒரு கணம்கூட எழவில்லை. அதனால்தான் அது கதையாகாமல் உபதேசமாக நின்றுவிட்டது.

எனவே இந்த வகைக் கலையைப் பற்றி நான் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான். தன் நோக்கத்துக்கு விரோதமாக நிற்பதற்கும் இது தன்னுள் இடம் கொடுத்திருக்கிறதா? இந்தக் கேள்விக்குத் தேறி நிற்கிற படைப்பு ஒன்றைப் பற்றி இங்கே சொல்ல விரும்புகிறேன். அது ஜெர்மனியில், காசெல் என்ற நகரத்தில் இருக்கிறது. நான் அங்கே போனவனல்ல. வெவ்வேறு வருஷங்களில் எடுத்த புகைப்படங்களை அருகருகே வைத்துப் பார்த்துத்தான் பேசுகிறேன். சொல்லப்போனால், இந்தப் படைப்பை அப்படிப் பார்ப்பதிலும் ஒரு நியாயம் உண்டு. அது ஏன் என்பது பின்னால் விளங்கும்.

காசெல் போரை நன்றாக அறிந்த ஊர். இரண்டாவது உலக யுத்தத்தின்போது அங்கே டாங்கிகள் செய்தார்கள். 1943 அக்டோபர் 22-ஆம் தேதி இரவு பிரிட்டிஷ் விமானங்கள் வந்து குண்டு வீசின. நகரத்தின் நடுப்பகுதி முழுவதும் எரிந்து போயிற்று. ஏறக்குறைய 10,000 பேர் மாண்டார்கள். யுத்தம் முடிந்து பத்து வருஷத்துக்குப் பிறகு, 1955-இல், அந்த ஊர்க்காரரான ஆர்னால்ட் போடே என்ற ஓவியர் ஒரு காரியம் செய்தார். குண்டு விழுந்து பாழான ஃப்ரீடரிசியானும் என்ற பழைய மியூசியக் கட்டடத்தில் நவீன ஓவியக் கண்காட்சி ஒன்றை நடத்தினார். நாஜிகள் சீரழிந்த கலை என்று தூற்றி ஒதுக்கியவர்களின் படங்களை மறுபடியும் ஜெர்மானியர் கண்முன் கொண்டுவந்தார். டாக்குமென்டா என்று பெயர் பெற்ற அந்தக் கண்காட்சி இப்போது ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை நடக்கிறது.

1982-இல் நடந்த ஏழாவது கண்காட்சிக்கு ஜோசப் பாய்ஸ் என்ற சிற்பியை அழைத்திருந்தார்கள். எப்போதும் தொப்பியோடு காட்சி தருகிற மனிதர். அப்போது அவருக்கு அறுபது வயது. ஒவ்வொரு மனிதனும் கலைஞனே, சமூகம் முழுவதையுமே ஒரு சிற்பமாகச் செதுக்க முடியும் என்று சொல்லி வந்தவர். டுஸ்ஸல்டார்ஃப் கலைக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தபோது, இடம் கிடைக்காமல் திருப்பியனுப்பப்பட்ட மாணவர்களையெல்லாம் தம் வகுப்பில் சேர்த்துக்கொண்டதற்காக 1972-இல் வேலையை இழந்தவர்.

இவர் கண்காட்சிக்கு எந்தச் சிற்பத்தையும் கொண்டுவரவில்லை. மியூசியத்துக்கு எதிரே உள்ள புல்வெளியில் 7,000 கற்களைக் கொண்டுவந்து கொட்டினார். எரிமலைக் குழம்பு ஆறி இறுகித் தூண் தூணாக வெடித்த கருங்கற்கள் அவை. ஒவ்வொன்றும் நட்டு வைத்தால் சுமார் நாலடி உயரம் நிற்கும். அந்தக் குவியலின் முனையில் முதல் ஓக் மரக்கன்றை அவ்வருஷம் மார்ச் மாதத்தில் தாமே நட்டார். பிறகு நிபந்தனையைச் சொன்னார். இந்தக் குவியலிலிருந்து ஒரு கல்லை எடுக்கவேண்டுமானால் ஊரில் எங்காவது ஒரு மரத்தை நடவேண்டும். எடுத்த கல்லை அந்த மரத்தின் பக்கத்தில் நிறுத்தவேண்டும். 7,000 மரம் நட்டால்தான் புல்வெளி காலியாகும்.

இதில் உள்ள சாமர்த்தியத்தை ஒரு கதாசிரியன் என்ற முறையில் நான் வியக்கிறேன். மரம் நடுங்கள் என்று சொல்லியிருந்தால், ஊர் தலையை ஆட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போயிருக்கும். இவரோ ஊரின் முற்றத்தில் ஒரு கடனைக் கொண்டுவந்து குவித்துவிட்டார். அது அழகாக இல்லை. ஊரார் முகம் சுளித்தார்கள். கார் நிறுத்தும் இடம் போய்விடுமே என்று கோபித்தார்கள். சிலர் கற்களின்மேல் இளஞ்சிவப்புச் சாயத்தைப் பூசிவிட்டுப் போனார்கள். ஆனால் அவர்கள் கோபம் தீர ஒரே வழிதான் இருந்தது. கல் கண்ணை உறுத்துகிறதா, மரத்தை நடு. எதிர்ப்பையும் படைப்புக்குள்ளேயே வாங்கிக்கொண்ட உத்தி இது. என் கதையில் இல்லாமல் போனது இதுதான்.

எங்கெங்கே நடுவது என்பதைப் பாய்ஸ் தம் இஷ்டத்துக்குத் தீர்மானிக்கவில்லை. பள்ளிக்கூடங்களும் பேட்டைச் சங்கங்களும் தெருவில் குடியிருப்பவர்களும் இடம் சொன்னார்கள். மரத்துக்கும் கல்லுக்கும் சேர்த்து 500 மார்க் என்று நன்கொடை வாங்கினார்கள். அமெரிக்காவின் டியா கலை நிறுவனம் தொடக்கத்தில் பணம் கொடுத்து உதவிற்று. அதுவும் போதாமல், பாய்ஸ் ஒரு ஜப்பானிய விஸ்கிக்கு விளம்பரப் படத்தில்கூட நடித்தார். சமாதானமும் பசுமையும் பேசுகிறவர் விஸ்கிக்கு விளம்பரம் செய்யலாமா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். மரம் வாங்கப் பணம் வேண்டும் என்பதை மறைக்காத கலைஞனிடம் எனக்கு மரியாதை உண்டு.

ஐந்து வருஷம் பிடித்தது. இடையில், 1986 ஜனவரியில், பாய்ஸ் இறந்துபோனார். 1987-இல் எட்டாவது கண்காட்சி தொடங்கிய நாளன்று, கடைசி மரத்தை அவர் மகன் முதல் மரத்துக்குப் பக்கத்திலேயே நட்டார். 7,000 ஓக் மரங்கள் என்று பெயரே தவிர எல்லாம் ஓக் அல்ல. இடத்துக்குத் தக்கபடி வேறு ஜாதி மரங்களும் உண்டு.

ஓக்கைப் பெயரில் வைத்ததற்கு ஓர் அர்த்தம் இருப்பதாக நான் நினைக்கிறேன். ஜெர்மானியருக்கு அது வெறும் மரமல்ல. ஹிட்லரின் படையில் வீரப் பதக்கத்தின் மேல் ஓக் இலையைப் பொறித்தார்கள். 1936-இல் பெர்லின் ஒலிம்பிக் பந்தயத்தில் வென்றவர்களுக்கு ஓக் கன்றுகளைப் பரிசாகக் கொடுத்தார்கள். அப்படிக் கறைபட்ட ஒரு மரத்தைச் சிப்பாயின் மார்பிலிருந்து எடுத்து, குழந்தைகள் பள்ளிக்குப் போகிற தெருவில் நட்டிருக்கிறார். சமாதானம் என்ற வார்த்தையை உச்சரிக்காமலே அந்தக் காரியம் நடந்திருக்கிறது.

அந்த வார்த்தையை அவர் உரக்க உச்சரித்த இடமும் உண்டு. அதையும் சொல்லாவிட்டால் விமரிசனம் நேர்மையாகாது. அதே 1982 ஜூன் மாதத்தில், ரஷ்யச் சக்கரவர்த்தி இவான் அணிந்த கிரீடத்தைப் போலச் செய்த பொன் கிரீடம் ஒன்றைக் கூட்டத்தின் நடுவே உருக்கினார். அந்தப் பொன்னை முயலாக வார்த்து, சமாதான முயல் என்று காட்டினார். அதை விற்ற பணமும் மரங்களுக்கே போயிற்று. அந்த முயல் இன்று ஸ்டுட்கார்ட் மியூசியத்தில் இருக்கிறது. காரியம் நல்லதுதான். ஆனால் கலை என்ற முறையில் அதை நான் இரண்டாந்தரமாகவே மதிக்கிறேன். கொடுங்கோலனின் கிரீடம் சாதுப் பிராணியாகிறது என்றதுமே அர்த்தம் முழுதும் விளங்கிவிடுகிறது. மறுபடி பார்க்க ஒன்றும் மிச்சமில்லை. என் கதையில் வந்த தாய் தண்ணீர் கொடுத்தது போன்றதுதான் இதுவும்.

இன்னொரு குறை இதைவிடப் பெரியது. பாய்ஸ் யுத்தத்தில் ஜெர்மானிய விமானப்படையில் இருந்தவர். 1944 மார்ச்சில் கிரிமியாவில் அவருடைய விமானம் விழுந்தது, விமானி இறந்தார். பனியில் கிடந்த தம்மை டார்ட்டார் நாடோடிகள் கண்டெடுத்து, உடம்பெல்லாம் கொழுப்பைத் தடவிக் கம்பளியால் சுற்றிக் காப்பாற்றினார்கள் என்று பிற்காலத்தில் சொல்லிவந்தார். ஆராய்ந்தவர்கள் இதை ஒப்புவதில்லை. ஜெர்மானியத் தேடும் படையினரே அவரைக் கண்டுபிடித்து ராணுவ ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள் என்று ஏடுகள் காட்டுகின்றன. கதை கட்டுவது என் தொழில். அதனால் இந்தக் கதையின் கவர்ச்சி எனக்குப் புரிகிறது. குண்டு போடப் போனவனை, யார்மீது போர் தொடுக்கப்பட்டதோ அந்த மண்ணின் ஜனங்களே அன்போடு பிழைக்கவைத்தார்கள் என்றால் மனசாட்சிக்கு எவ்வளவு ஆறுதல்! அந்த ஆறுதலுக்காகத்தான் கட்டினார் என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் அப்படி ஒரு ஆறுதலைத் தருகிற கதையை, அது எவ்வளவு அழகாக இருந்தாலும், சந்தேகிக்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

வாயால் சொன்ன கதை பொய்த்தாலும், கையால் செய்த காரியம் பொய்க்கவில்லை. அதற்குக் காரணம் அந்தக் கல்தான்.

மரத்தை மட்டும் நட்டிருந்தால் அது முனிசிபாலிடியின் வேலை. மிக நல்ல வேலை, ஆனால் அதைக் கலை என்று சொல்ல வேண்டிய அவசியமில்லை. பக்கத்தில் கல்லை நிறுத்தியதும் விஷயம் மாறிவிடுகிறது. கல் என்றும் மாறாதது, குளிர்ந்தது, ஒரு காலத்தில் நெருப்பாக இருந்தது. எரிந்த ஊரில் நிற்கிற அந்தக் கல்லைப் பார்க்கும்போது, பெயர் பொறிக்காத கல்லறை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பாய்ஸ் அப்படி நினைத்தாரோ இல்லையோ, பார்க்கிறவன் அப்படி நினைக்க அது இடம் தருகிறது. மரம் நம்பிக்கையைச் சொல்கிறது என்றால், கல் அந்த நம்பிக்கையை அருகிலேயே நின்று விசாரித்துக்கொண்டிருக்கிறது.

புகைப்படங்களை அருகருகே வைத்துப் பார்ப்பதில் நியாயம் உண்டு என்றேனே, அது இதனால்தான். எண்பதுகளில் எடுத்த படங்களில் கல்தான் கண்ணில் படுகிறது. பக்கத்திலே, கைப்பிடிக்குள் அடங்கும் தண்டோடு, கழியில் கட்டிவைத்த கன்று ஒன்று நிற்கிறது. நிச்சயம் கல்தான் ஜெயிக்கும் என்று தோன்றும். சமீபத்திய படங்களில் தேடினால்தான் கல் தெரிகிறது. மரம் விரிந்து, வேர் புடைத்து, சில இடங்களில் கல்லைச் சாய்த்துக்கொண்டு நிற்கிறது. பாய்ஸ் இந்த மாற்றத்தை எண்ணியே கல்லையும் மரத்தையும் ஜோடி சேர்த்தார். தாம் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தே ஒரு படைப்பைத் தொடங்குவதற்குத் தைரியம் வேண்டும். நாவலாசிரியர்களாகிய நாங்கள் கடைசி அத்தியாயத்தையும் நாங்களே எழுதிவிட்டுத்தான் பேனாவை மூடுவோம். இவர் முதல் அத்தியாயத்தை எழுதிவிட்டு, மீதியை மழைக்கும் வெயிலுக்கும் ஊராருக்கும் விட்டுப் போயிருக்கிறார்.

ஊராருக்கு விட்டதால் தொல்லையும் அவர்களுக்கே. மரம் பட்டுப்போனால் வேறு நடவேண்டும். ரோடு அகலமாக்க வந்தவர்களோடு வாதாடவேண்டும். புறா வரைந்த சுவருக்கு இந்தத் தொல்லை கிடையாது. வெள்ளையடிக்கும் நாள் வரையில் அது தானாக இருக்கும். ஊரார் கூடிச் செய்கிற கலை என்றால், கூடி ஒருநாள் வண்ணம் பூசிவிட்டுக் கலைவதல்ல, கூடியே இருக்கும்படி ஒரு பொறுப்பை ஏற்றுக்கொள்வது என்று காசெலைப் பார்த்த பிறகு எனக்குப் படுகிறது. பூமியைக் காப்பது, சமாதானத்தைக் காப்பது என்கிறோமே, அந்தக் 'காப்பது' என்ற சொல்லுக்கும் வேறு அர்த்தம் இருப்பதாகத் தெரியவில்லை.

ஜனங்கள் செய்த காரியத்துக்கு ஒருவர் பெயர் மட்டும் நிலைப்பானேன் என்ற கேள்வி இருக்கவே இருக்கிறது. நியாயமான கேள்விதான். அந்த 7,000 மரங்களுக்குத் தண்ணீர் ஊற்றியவர்கள் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஆனால் 2007-இல் இங்கிலாந்திலிருந்து வந்த இரண்டு கலைஞர்கள், அக்ராய்ட், ஹார்வி என்பவர்கள், காசெல் மரங்களின் அடியிலிருந்து ஓக் விதைகளைப் பொறுக்கிக்கொண்டு போய் முளைக்கவைத்தார்கள். அவற்றில் நூறு கன்றுகளை 2021-இல் லண்டன் டேட் மாடர்ன் மியூசியத்தின் வாசலில் நிறுத்திக் காட்டினார்கள். விதைக்கு யார் பெயரும் தெரியாது. அதற்கு மண் இருந்தால் போதும்.

என் பழைய கதையைத் திருத்தி எழுதலாமா என்று இப்போது யோசிக்கிறேன். தாய் தண்ணீர் கொடுக்கட்டும், கொடுக்காமலும் போகட்டும். அது அவள் பாடு. நான் செய்யவேண்டியது ஒன்றுதான். அவள் வாசலில், கதவுக்குப் பக்கத்தில், ஒரு கல்லைக் கொண்டுவந்து வைக்கவேண்டும்.