ரேணிகுண்டா விமானமும் கார்வேட்டிநகரத்துக் கணக்கும்

சென்னை விமான நிலையத்துக்கும் ரேணிகுண்டாவில் உள்ள திருப்பதி விமான நிலையத்துக்கும் நேர்கோட்டில் 100 கி.மீ.கூடத் தேறாது. மணிக்கு 800 கி.மீ. என்று வகுத்தால் ஏழெட்டு நிமிடம் என விடை வரும். அட்சரேகை, தீர்க்கரேகையை வைத்து அளந்த அந்தத் தூரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நேரம்தான் கற்பனை. ஜெட் அந்த வேகத்தைத் தொடுவதற்குள் இறங்கத் தொடங்கியாக வேண்டும். 2016இல், சிறு நகரங்களை விமானத்தால் இணைக்கும் உடான் திட்டத்தை அறிவித்தபோது மத்திய அரசே 200 முதல் 800 கி.மீ. வரையுள்ள தடங்களைத்தான் கணக்கில் எடுத்தது. மலைப்பகுதி, தீவு போன்ற இடங்களுக்கு மட்டும் கீழ்வரம்பு இல்லை. சென்னை–திருப்பதி அந்த வரம்பில் பாதிகூட இல்லை.

ஆகவே விமானம் நேரத்தை மிச்சப்படுத்துமா என்ற கேள்வியைப் புத்தூருக்கு அருகே உள்ள கார்வேட்டிநகரத்திலிருந்து கேட்க வேண்டும். வேணுகோபால சுவாமி கோயில் தெருவில் பெட்டியைத் தூக்குபவருக்குப் பயணம் ஓடுபாதையில் தொடங்குவதில்லை. புத்தூர் போய், வடமாலைப்பேட்டை தாண்டி, ரேணிகுண்டா சேர ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே கவுண்டரை மூடிவிடுவார்கள் என்பதால் இன்னும் அரைமணி முன்கூட்டியே போய் நிற்பது நல்லது. ஆக, விமானம் நகரும் முன்பே இரண்டரை மணி நேரம் போயிற்று.

விஜயவாடாவை எடுத்துக்கொள்வோம். நேர்கோட்டில் சுமார் 350 கி.மீ.; மணிக்கு 500 கி.மீ. போகிற ஏடிஆர் விமானத்துக்கு வெறும் வகுத்தலில் 42 நிமிடம். ஓடுபாதைக்கு உருண்டு போவது, ஏறுவது, சுற்றி வந்து இறங்குவது எல்லாம் சேர்ந்தால் ஒரு மணி நேரம் தாண்டும். விஜயவாடா விமான நிலையம் இருக்கும் கன்னவரத்தில் இறங்கி ஊருக்குள் போக முக்கால் மணி. வீட்டுவாசல் கணக்கு ஐந்து மணி நேரத்துக்கு அருகில் வந்துவிடுகிறது. ரயிலில் போனால் கூடுதலாக இரண்டு, மூன்று மணி நேரம். விமானம் ஒரு மணி தாமதமானால் அந்த லாபத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை போச்சு. இரவு ரயிலில் படுத்து விடியலில் இறங்குகிறவர் பகல் எதையும் இழப்பதில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

ஹைதராபாத் வேறு கதை. வானத்தில் 420 கி.மீ. அளவுதான், விஜயவாடாவைவிட அதிகம் தூரமில்லை. ஆனால் 2023 ஏப்ரலில் வந்த செகந்திராபாத்–திருப்பதி வந்தே பாரத், குண்டூர், நெல்லூர் வழியாகச் சுற்றிக்கொண்டு எட்டரை மணி நேரம் எடுத்தது. விமானத்தில் வீட்டிலிருந்து நகரம் வரை ஐந்து, ஐந்தரை மணி நேரத்தில் முடியும். தரைவழி வளைந்து செல்வதால்தான் இங்கே விமானம் ஜெயிக்கிறது. தூரத்தைவிட இந்தச் சுற்றுதான் முக்கியம் என்பேன். தூரப் பட்டியல்களில் இதற்கு இடமே கிடையாது.

இன்னொன்று, எத்தனை நடை ஓடுகிறது என்பது. ஹைதராபாத்–திருப்பதித் தடத்தில் 2015இல் பறக்கத் தொடங்கிய ட்ரூஜெட் நிறுவனம், 2022இல் நின்றுபோனது. தூரம் மாறவில்லை, பறக்கும் நேரமும் மாறவில்லை; அந்த நிறுவனத்தின் நடைகள்தான் போயின.

என் தீர்ப்பு இது: கார்வேட்டிநகரத்துக்காரர் ஹைதராபாத்துக்கு ரேணிகுண்டாவில் ஏறலாம், தயங்க வேண்டாம். விஜயவாடாவுக்கு ரயில் போதும். அவசரமென்றால் மட்டும் விமானம். சென்னைக்கு வானவழியை நினைக்கவே வேண்டாம். சிங்கப்பூர் போகிறவர், ரேணிகுண்டா பக்கத்தில் இருக்கிறதே என்று அங்கே ஏறி ஹைதராபாத்தில் விமானம் மாறுவதைவிட, நகரி, திருத்தணி வழியாக மூன்று மணி நேரத்துக்கு மேல் காரில் உட்கார்ந்து நேரே சென்னைக்கே போய்விடலாம்.