மருதியின் சம்மதம்

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் நெடுஞ்சாலையில், மாத்தளைக்கும் தம்புள்ளைக்கும் இடையே உள்ள சிற்றூர் நாவுல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கிய தமிழகத்துத் தொழிலாளர் காடு கடந்து இந்த மார்க்கமாகவே மாத்தளைக் கோப்பித் தோட்டங்களுக்கு நடந்தனர். பசியாலும் வாந்திபேதியாலும் வழியிலே மாண்டோர் பலர். அவர்களை எவரும் சங்கிலியிட்டு இழுத்து வரவில்லை. தம் விருப்பப்படியே வந்தனர் என்பது அக்கால முதலாளிகளின் வாதம்.

அந்த 'விருப்பம்' என்ற சொல்லை உரைத்துப் பார்க்கும் கதை புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி'. 1935இல் 'மணிக்கொடி'யில் வெளிவந்தது. திருநெல்வேலிச் சீமையின் வாசவன்பட்டியில் வாழ்ந்த மருதி, கணவன் சிறைப்பட்டபின் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் புறப்படுகிறாள். அங்கே அதிகாரத்தில் உள்ளோரின் காமத்துக்கு இரையாகிறாள்.

நம் வகுப்பறைகளில் இக்கதையை இரண்டு விதமாகவே படிக்கக் காண்கிறோம். 'அவளாகத்தானே போனாள்' என்பர் ஒரு சாரார். 'பாவம், அவள் என்ன செய்வாள்' என்பர் மறு சாரார். முதற் கூற்று தோட்ட அமைப்பை விடுதலை செய்துவிடுகிறது. இரண்டாவது கூற்று மருதியிடமிருந்து மனிதத்தன்மையையே பறித்துக்கொள்கிறது. இரண்டும் தவறு. புறப்பட்ட முடிவு மருதியுடையது. அவள்முன் வைக்கப்பட்ட வழிகள் அவளுடையவை அல்ல. ஊரிலே ஆண்டையின் கொடுமை, கடல் கடந்தால் துரையின் கொடுமை. இவ்விரண்டையும் ஒரே அமைப்பின் இரு முகங்களாகக் காட்டியதே கதையின் வெற்றி.

சம்மதம் சுதந்திரமானதா என்று அறிய ஒரு கேள்வி போதும்: மறுத்திருந்தால் அவர்கள் பிழைத்திருக்க முடியுமா? 1865ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தோட்டத்தைவிட்டு முன்னறிவித்தலின்றி நீங்கிய தொழிலாளிக்குச் சிறை காத்திருந்தது. 1921 வரை நிலவிய 'துண்டு' முறை, கடன் தீராதவரை வேறு தோட்டம் செல்லவிடாது கட்டிவைத்தது. மறுக்க முடியாதவனின் 'ஆம்' என்ற சொல்லுக்கு என்ன மதிப்பு?

சட்டங்கள் மாறின, முறை மாறவில்லை. 1948இல் குடியுரிமை இழந்த அதே மக்களின் தலைவிதியை 1964இல் சிறிமாவோ – சாஸ்திரி உடன்படிக்கை நிர்ணயித்தது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மீதி 150,000 பேர் பின்னர் என்று இரு அரசுகளும் முதலில் கணக்கிட்டன. அதன் பிறகே, 'எந்நாட்டை விரும்புகிறீர்?' என்று விண்ணப்பம் கோரின. இலங்கையை விரும்பியோர் அதற்கென ஒதுக்கிய தொகையினும் மிகுதி. விடையை எழுதிவைத்துவிட்டு வினாவை நீட்டுவது தெரிவு ஆகுமா?

எனினும் நிர்ப்பந்தத்தின் நடுவே சுதந்திரமே இல்லை என்று கைவிரிப்பதும் தகாது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர்; கோவிந்தன் பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். அவர்கள்முன் இருந்த வழிகள் இரண்டே: அடங்குவது, அல்லது பட்டினி கிடப்பது. அவ்விரண்டையும் ஏற்காது, மூன்றாவதொரு வழியைக் கூடிநின்று தாமே உண்டாக்கினர். தனித்து நின்றவனால் மறுக்க முடியாததை, சேர்ந்து நின்றோர் மறுத்தனர். சுதந்திரமான தெரிவு அங்கேதான் பிறந்தது.

ஆகவே 'துன்பக்கேணி'யை மாணவர்க்குக் கற்பிக்கும் ஆசிரிய நண்பர்கள் கண்ணீரோடு நின்றுவிடலாகாது. மருதி ஏன் சம்மதித்தாள் என்று கேட்பதைவிட, அவள் மறுப்பதற்கு எது இல்லாதிருந்தது என்று கேட்கச் செய்வதே இக்கதைக்கு நாம் செய்யும் நியாயம்.