கயத்தாற்றில் இறுதியாக உரைத்தது யாது?

தூத்துக்குடி வட்டாரத்துப் பள்ளி விழாக்களில் கட்டபொம்மன் வேடமிட்ட சிறுவன் ஒருவன் முழங்குவது வழக்கம். தூக்கு மரத்தடியில் அவ்வீரன் உரைத்ததாக அவன் ஒப்புவிக்கும் அடுக்குமொழிகளுக்கு நாமும் கைதட்டுகிறோம். நாடக மேடையும், 1959-இல் வெளிவந்த திரைப்படமும் வளர்த்த தமிழ் அது. சுவைப்பதில் குற்றமில்லை, வரலாறென்று பிள்ளைகளுக்குக் கற்பிப்பதே பிழை.

ஹதீஸ் கலை பயின்றோர் ஒரு செய்தியை ஏற்குமுன் இரண்டை ஆராய்வர். ஒன்று இஸ்னாத் என்னும் அறிவிப்பாளர் தொடர். மற்றொன்று மத்ன் என்னும் செய்தியின் வாசகம். களத்தில் மடியாமல் படுக்கையில் மடிய நேர்ந்ததே என்று தளபதி காலித் இப்னு வலீத் (ரலி) வருந்தியதாக வழங்கும் புகழ்பெற்ற செய்தியும் இவ்வாராய்ச்சிக்கு விலக்கன்று. அது வாகிதி போன்றோர் வழி வருவதால், அறிஞர் உரசிப் பார்த்தே எடுத்தாள்வர்.

அவ்வளவுகோலைக் கயத்தாற்றுக்கும் கொண்டு செல்வோம். கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டது 1799 அக்டோபர் 16. தண்டனை விதித்த மேஜர் பானர்மன் மறுநாள் எழுதிய கடிதத்தைக் கால்டுவெல் 1881-இல் வெளியிட்ட திருநெல்வேலிச் சரித்திரத்தில் காணலாம். விசாரணையில் அவர் அஞ்சாது நின்றதையும், எட்டயபுரம், சிவகிரிப் பாளையக்காரர்களை இகழ்ச்சியுடன் நோக்கியதையும் பானர்மன் தாம் கண்டதாகவே எழுதுகிறார். இறுதிச் சொற்களையோ, தமக்குப் பிறர் தெரிவித்ததாகக் குறிக்கிறார். வழியில் ஊமைத் தம்பியைப் பற்றி மட்டுமே கவலைப்பட்டாராம். மரத்தடியை அடைந்ததும், கோட்டையை விட்டு நீங்கியதற்கு வருந்தி, அதைக் காத்து மடிந்திருப்பதே மேல் என்றாராம்.

தெரிவித்தவர் பெயர் இல்லை. நம் கலையில் அவர் 'மஜ்ஹூல்', அறியப்படாதவர். ஆதலால் இச்சொற்களையும் ஐயமற்றவை எனச் சாதிக்க இயலாது. ஆயினும் வாசகம் பொருந்துகிறது. உயிர்ப்பிச்சை கேட்டதாகப் பகைவன் எழுதவில்லை. தம்பி ஊமைத்துரையோ 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையினின்று தப்பி, இடிக்கப்பட்ட பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை மீண்டும் எழுப்பி, மே மாதம் வரை காத்து நின்றார். அண்ணன் வருந்தியதாகச் சொல்லப்படும் குறையைத் தம்பி தீர்க்க முயன்றார் என்றே தோன்றுகிறது.

அடுக்குமொழி இல்லாத இவ்விரு சொற்களில் ஒரு மனிதரின் உள்ளம் தெரிகிறது. ஆகவே மேடையேறும் பிள்ளைக்கு மூன்றையும் சொல்லிக் கொடுங்கள்: இது நாடகம், இது கடிதம், அக்கடிதத்திற்கும் தூக்கு மரத்திற்கும் இடையே பெயரறியாத ஒருவர் நிற்கிறார். வீரரை மதிப்பவர் அவர் வாயில் சொல்லைப் புனைந்து வைக்கலாகாது.

உண்மையை அல்லாஹ்வே நன்கறிவான்.