தடை கேட்பவர்களிடம் சில கேள்விகள்

ஆகஸ்ட் 12 பிரிட்டனின் வடக்கு மேட்டு நிலங்களில் துப்பாக்கிக்காரர்களின் திருநாள். ரெட் கிரவுஸ் என்னும் கௌதாரி போன்ற காட்டுப்பறவையைச் சுடும் பருவம் அன்று தொடங்கி டிசம்பர் 10 வரை நீளும். சுடுகிறவர் பறவையைத் தேடி அலைவதில்லை. கூலிக்கு வந்தவர்கள் வரிசை கட்டிக் கொடிகளை ஆட்டிக்கொண்டே ஹெதர் புதர்களைக் கலைத்து வருவார்கள். வெருண்டு எழும் கூட்டம் மறைவில் நிற்கும் துப்பாக்கிகளுக்கு மேலே பறந்தாக வேண்டும். இப்படி விரட்டிச் சுடுவதற்குத் தாராளமாகப் பணம் கொடுக்கிறார்கள். கொடுத்தவருக்குக் கை நிறையப் பறவை விழ வேண்டுமானால் மேட்டில் கிரவுஸ் மிதமிஞ்சிப் பெருகியிருக்க வேண்டும். அதற்காகப் புதரைத் திட்டுத் திட்டாக எரித்து இளந்தளிர் வரவைக்கிறார்கள். நரியையும் காக்கையையும் ஒழிக்கிறார்கள். இதுவரை சட்டத்துக்கு உட்பட்டதுதான். ஆனால் கிரவுஸ் குஞ்சுகளைத் தின்னும் ஹென் ஹாரியர் என்ற பருந்தும் அங்கே காணாமல் போகிறது. பனிக்காலத்தில் நம் பொட்டல் காடுகளுக்கு வரும் பூனைப்பருந்துகளின் நெருங்கிய உறவு அது. அதைக் கொல்வது பல பத்தாண்டுகளாகக் குற்றம்.

குற்றம் என்று எல்லோருக்கும் தெரியும், நிரூபிக்கத்தான் ஆளில்லை. தனியார் நிலம், ஆள் நடமாட்டமற்ற மேடு. கொன்றவரே பிணத்தையும் புதைத்துவிடலாம். இந்த வேட்டைக்குத் தடை கேட்கும் இயக்கத்தின் உண்மையான சாதனை இந்த இடத்தில்தான் இருக்கிறது. பருந்துகளின் முதுகில் செயற்கைக்கோள் கருவி பொருத்தி, 58 பறவைகளின் முடிவை ஆராய்ந்த ஆய்வு 2019இல் வெளிவந்தது. அவற்றில் 72 விழுக்காடு கொல்லப்பட்டது உறுதி அல்லது கொல்லப்பட்டிருக்க மிகுந்த வாய்ப்பு என்றது அது. நன்றாக இயங்கிக்கொண்டிருந்த கருவி கிரவுஸ் மேட்டுக்கு மேலே வந்ததும் திடீரென்று ஓய்ந்துபோவது ஒருமுறை நடந்தால் தற்செயல் எனலாம். வரைபடத்தில் அது ஒரே மாதிரி நிலங்களில் குவிந்தபோது, 'எங்கோ ஒரு கெட்ட வேட்டைநிலக் காவலர் செய்வது' என்ற பழைய சமாதானம் எடுபடவில்லை.

இயக்கம் தடுமாறுவது லாங்கம் மேட்டில். தெற்கு ஸ்காட்லாந்தில் உள்ள அங்கே 1992 முதல் 1997 வரை பருந்துகளை யாரும் தொடாமல் ஓர் ஆய்வு நடந்தது. இரண்டாக இருந்த பெண் ஹென் ஹாரியர்கள் இருபதாயின. கிரவுஸ் அருகிப்போய், விரட்டிச் சுடும் வேட்டையே நின்றது. கொல்லாமல் விட்டால் பருந்து பெருகும் என்று இயக்கத்தார் இதைத்தான் காட்டுகிறார்கள். சரி. கதை அங்கே முடியவில்லை. வேட்டை நின்றதும், நரிகளை ஒழித்துவந்த காவலர்களுக்கு வேலை போயிற்று, நரிகள் திரும்பின. தரையில் கூடு கட்டும் ஹென் ஹாரியர்களின் எண்ணிக்கையும் சரிந்தது. வேட்டைக்காரர்கள் இந்தப் பிற்பாதியை மட்டும் சொல்லுகிறார்கள்.

இரண்டு பாதியும் உண்மை. வடக்கு இங்கிலாந்தின் ஆட்டர்பர்னில் நடந்த நீண்ட ஆய்வொன்றில், நரியையும் காக்கையையும் கட்டுப்படுத்திய இடங்களில் ஆள்காட்டி, கர்லியூ போன்ற தரைக்கூட்டுப் பறவைகளின் இனப்பெருக்க வெற்றி ஏறத்தாழ மூன்று மடங்கானது. பறவைப் பாதுகாப்புக்கான அரச சங்கமே தன் காப்பகங்கள் சிலவற்றில் நரிகளைச் சுடுகிறது. அதை ஒளிப்பதும் இல்லை. ஆனால் தடை கேட்கும் மேடைகளில் இந்தப் பேச்சு தலைகாட்டுவது அரிது. நரியைச் சுடுவதை ஒப்புக்கொண்டால் கூட்டத்தில் பாதி எழுந்து போய்விடும் என்ற பயம் போலிருக்கிறது. நாய்களை ஏவி நரி வேட்டையாடுவதற்கு எதிரான 2004 ஆம் ஆண்டுச் சட்டம் கொடுமையைப் பற்றியது. கிரவுஸ் மேட்டுப் பிரச்சினை ஓர் இனம் அழிவதைப் பற்றியது. இரண்டையும் ஒரே பதாகையின் கீழ் நிறுத்தினால் கூட்டம் சேரும், வாதம் கலங்கும்.

அதற்காக எதிர்த்தரப்பின் வாதத்தை அப்படியே விழுங்க வேண்டியதில்லை. நரியைக் கட்டுப்படுத்தி ஆள்காட்டியைக் காப்பதற்கும் பருந்துக்கு நஞ்சு வைப்பதற்கும் ஒரே ரசீது போட முடியாது. முன்னதற்குப் பின்னது தேவையே இல்லை. வேட்டைக்காரர்கள் காட்டைக் காத்ததே இல்லை என்பதும் சரியல்ல: நீலகிரியில் 1877இல் வேட்டைப் பிரியர்கள் தொடங்கிய சங்கத்துக்கு, வரையாடு அங்கே மிஞ்சியிருப்பதில் பங்குண்டு. அவர்கள் காத்தது தாங்கள் சுட விரும்பிய விலங்கை. தங்களுக்குப் போட்டியாக அதைத் தின்ன வரும் விலங்கை எப்படி நடத்துகிறார்கள் என்பதே சோதனை. கிரவுஸ் மேடுகள் அதில் தேறவில்லை.

வழிமுறைக்கு வருவோம். 2016இல் இயக்கத்தின் முன்னணியாளர் மார்க் ஏவரி தொடங்கிய தடைக் கோரிக்கை மனுவில் 1.2 லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகள் சேர்ந்தன. நாடாளுமன்றத்தில் விவாதித்தார்கள், அரசு மறுத்தது. 2025இல் அதே நாடகம், அதே முடிவு. இடையில் 2019இல் ஏவரியும் கிறிஸ் பேக்கமும் ரூத் டிங்கேயும் நிறுவிய 'வைல்ட் ஜஸ்டிஸ்' அமைப்பு தொடுத்த சட்ட நடவடிக்கையால், காக்கை புறா போன்றவற்றைக் கொல்லத் தந்திருந்த பொது உரிமங்களை இங்கிலாந்தின் இயற்கைத் துறை திடீரென்று விலக்கிக்கொண்டது. சட்டப்படி அவர்கள் சொன்னது சரி. ஆனால் காக்கைகள் கொத்தக்கூடிய ஆட்டுக்குட்டிகள் பிறக்கும் பருவத்தில் அது வந்ததால், கிரவுஸ் வேட்டையோடு தொடர்பே இல்லாத விவசாயிகளும் எதிரிகளானார்கள். பேக்கம் வீட்டு வாயிலில் செத்த காக்கைகளைத் தொங்கவிட்டது அநாகரிகம். அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்பதையாவது இயக்கம் யோசித்திருக்கலாம்.

ஸ்காட்லாந்து வேறு வழியில் போயிற்று. 2024 ஆம் ஆண்டுச் சட்டப்படி கிரவுஸ் சுட உரிமம் வேண்டும். பருந்தைக் கொன்றதாகத் தெரிந்தால் உரிமம் பறிபோகலாம். குற்றவியல் வழக்கில் கேட்கும் அளவுக்குச் சான்று தேவையில்லை. யார் சுட்டார் என்று பெயர் சொல்லத் தேவையில்லாத ஏற்பாடு என்பதால், பெருந்தடையைவிட இதுவே எனக்குக் கூர்மையான கருவியாகப் படுகிறது. நில உடைமையாளர்களுக்கும் அப்படித்தான் பட்டிருக்க வேண்டும். அந்த ஆண்டு நவம்பருக்குள் அவர்கள் தந்த நெருக்கடியில், முழு எஸ்டேட்டையும் தழுவிய உரிமம் சுடும் பரப்பளவுக்குச் சுருங்கியது. பருந்தை அந்தக் கோட்டுக்கு வெளியே கொன்றால் உரிமத்துக்கு ஆபத்தில்லை என்ற நிலை அப்போது வந்தது. ஆவணங்களைத் தோண்டி இதை வெளியே கொண்டுவந்தவர்களும் இதே இயக்கத்தார்தான். அதற்குக் கையெழுத்து வேட்டை எதுவும் தேவைப்படவில்லை.