மூன்றும் ஒரே பெட்டியில்

ஆம்பூர் கம்பெனிகளில் ஆபீஸுக்கு லேசான ஷூ, முரட்டு வேலைக்குக் கனமான பூட்ஸ் என்று தனித்தனியாகத்தான் தைக்கிறார்கள். லேப்டாப் விளம்பரம் மட்டும் கேம்ஸ், சினிமா, கைக்கு லேசு மூன்றும் ஒன்றிலேயே என்கிறது. நம்பிவிடாதீர்கள்.

ஆர்டிஎக்ஸ் 4060 என்று ஒரே பெயரில் வந்த கிராஃபிக்ஸ் சிப், மாடலைப் பொறுத்து 35 வாட்டிலும் ஓடும், 115 வாட்டிலும் ஓடும். ஒல்லி மாடலில் வாட் கம்மி, வேகமும் கம்மி. வாட் ஏறினால் சூடு; அதைத் தள்ளப் பெரிய ஃபேன்; எடை இரண்டரைக் கிலோ, சார்ஜர் தனி. மே மாதம் 40 டிகிரி தாண்டும் வேலூரில் அந்த ஃபேன் படும் பாட்டைக் கேட்கவே வேண்டாம்.

தினம் காட்பாடியில் ரயில் ஏறுகிறவரா? எடையைப் பாருங்கள். சினிமாவுக்கு நல்ல திரை போதும். கேம்ஸ்தான் முக்கியமென்றால், "எத்தனை வாட்?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அடுத்த கடை.